எப்படி இயங்குகிறது? ஃப்ரீசருக்குள் ஓர் எண்கோடு

திருச்சியில் குறை எண்ணை வெளியில் தேடிப் பயனில்லை. மார்கழி விடியலில் அம்மா மண்டபம் படித்துறையில் முழுகி எழுகிறவருக்குப் பல் தந்தியடிக்கலாம். அப்போதும் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் அது 40ஐத் தாண்டும். பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிற வழக்கம் இந்த ஊருக்கு இல்லை. உதகையில் ஜனவரி மாதம் புல்லின் மேல் உறைபனி படியும்போது, மைனஸ் என்பது என்ன என்று அங்கே இருப்பவர்களின் பாதத்துக்குத் தெரியும். நமக்கு அந்தப் பாக்கியம் ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறந்தால்தான்.

திறந்து உள்ளே ஒரு வெப்பமானியை வைத்தால் மைனஸ் பதினெட்டு, அல்லது அதை ஒட்டி ஏதோ ஒன்று காட்டும். ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் கெடாமல் இருக்க, உலகம் முழுக்க வீட்டு ஃப்ரீசருக்குச் சொல்லப்படும் அளவு அது. கீழ்க் கதவுக்குள், இட்லி மாவும் தயிரும் இருக்கும் இடத்தில் சுமார் 4. அடுக்களையின் மற்ற எண்களெல்லாம் இதற்கு மேலே. தேங்காய் எண்ணெய் உறைவது 24ஐ ஒட்டி. பாலில் உறை ஊற்றினால் தயிர் நன்றாகத் தோய்வது 40க்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் கொதிப்பது 100 (கடல் மட்டத்துக்கு எண்பது மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால் திருச்சியில் அதில் கால் டிகிரி குறையும்; சாம்பாருக்கு அது தெரியாது). வடைக்கு எண்ணெய் காய வேண்டியது 180.

ஆறாம் வகுப்புக் கணக்கில் 'முழுக்கள்' என்ற பாடம் கேட்பது இவ்வளவுதான்: இப்படிப்பட்ட எண்களில் எது பெரியது, எது சிறியது? 4ஐவிட 24 பெரியது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. -18ஐயும் -4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தகராறு. ஆறாவது படிக்கும் என் அக்கா மகள் இதை ஃப்ரிட்ஜின் முன்னாலேயே நின்று நடத்திக் காட்டினாள். கதவில் எண் ஒளிரும் புது ரகம். மேலே ஓர் அம்புக்குறி, கீழே ஓர் அம்புக்குறி.

"சித்தி, மைனஸ் பதினெட்டுல இருக்கு. ஐஸ் இன்னும் கெட்டியாகல. ஏத்தி வைக்கட்டுமா?"

"எவ்வளவுக்கு ஏத்தப் போற?"

"மைனஸ் இருபத்திரண்டு."

"அது ஏத்தறதா, இறக்கறதா?"

"பதினெட்டைவிட இருபத்திரண்டு பெரிசுதானே? அப்போ ஏத்தறதுதான்."

மேல் அம்புக்குறியை அழுத்தினாள். -17 என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். -16. கொஞ்ச நேரம் அதை முறைத்துவிட்டு, "இது ரிப்பேர்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ரிப்பேர் இல்லை. அந்தப் பெட்டிக்கு எண்கோடு தெரியும், அவ்வளவுதான். அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மூன்று வயதிலிருந்து அவள் எண்ணைப் பழகியது எண்ணிக்கையாக: நாலு இட்லியைவிடப் பதினெட்டு இட்லி அதிகம். எட்டு வருஷமாக ஒரு நாளும் பொய்க்காத விதி. முன்னால் ஒரு சின்னக் கோட்டைப் போட்டதும் அதே பதினெட்டு, எத்தனை என்று சொல்வதை விட்டுவிட்டு எங்கே என்று சொல்லத் தொடங்குகிறது. இந்த மாற்றத்தை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதியை மட்டும் சொல்கிறோம்: "மைனஸ்ல பெரிசு சிறிசாயிடும், சிறிசு பெரிசாயிடும்." பரீட்சைக்கு அது போதும். ஆனால் -3க்கும் 2க்கும் வந்ததும் எதைத் திருப்பிப் போடுவது என்று பிள்ளை விழிக்கும்.

பழைய ஃப்ரிட்ஜ்களுக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளே ஒரு திருகு இருக்கும்; அதில் 1 முதல் 5 வரையோ 7 வரையோ எண். எண் ஏற ஏறக் குளிர் கூடும். அந்தத் திருகைப் பார்த்து வளர்ந்த வீட்டில் "ஃப்ரிட்ஜை ஏத்தி வை" என்றால் இன்னும் குளிர வை என்று பொருள். டிகிரியில் பேசும் ஃப்ரிட்ஜுக்கு அது நேர் எதிர்.

சரி, கோட்டைப் போடுவோம். இதற்குக் கோலமாவு தோது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகள் குறுகலானவை, நீளமானவை: வாசல், திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி வரிசையாகப் போகும். கணக்குப் பாடத்துக்காகவே கட்டியது போல இருக்கும். அடுக்களையில் ஃப்ரிட்ஜின் காலடியில் ஒரு புள்ளி வையுங்கள். அது பூச்சியம். கொல்லையை இடப்பக்கமாகவும் வாசலை வலப்பக்கமாகவும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோடாக மாவை இழுங்கள். தரையில் இரண்டடி டைல்ஸ் என்றால் ஒரு கல்லுக்குப் பத்து டிகிரி. எல்லாக் கல்லுக்கும் அதே அளவு, நடுவில் மாற்றக்கூடாது. வலப்பக்கம் 10, 20, 30. இடப்பக்கம் -10, -20, -30.

இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். கீழ்த்தட்டுத் தயிர், 4ல்: பூச்சியத்துக்கு வலப்பக்கம் முதல் கல்லில் பாதிகூடத் தாண்டாது. தேங்காய் எண்ணெய் மூன்றாவது கல்லில். மே மாதத்துத் திருச்சி, ஒரு 41 என்று வைத்துக்கொள்வோம், ஐந்தாவது கல் தொடங்குகிற இடத்தில். கொதிக்கும் தண்ணீர் இருபது அடி தள்ளிக் கூடத்தில். வடைச் சட்டி முப்பத்தாறு அடி தாண்டி, வீடு சின்னதாக இருந்தால் ரேழிக்கே போய்விடும். ஐஸ்கிரீமுக்கு மட்டும் பூச்சியத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பவேண்டும்: இரண்டு கல் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், -18ல். தமிழ்நாட்டுச் சமையல் முழுவதும் கோட்டின் ஒரே பக்கத்தில் கூட்டமாக நிற்க, இடப்பக்கம் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். நம் பிள்ளைகளுக்குக் குறை எண் அந்நியமாகத் தெரிவதற்கு இந்தக் காலியிடம் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கோடு போட்டாயிற்று என்றால் விதி ஒன்றுதான். இரண்டு எண்களில் வாசல் பக்கம், அதாவது வலப்பக்கம் இருப்பது பெரியது. வேறு விதி கிடையாது; எதையும் திருப்பிப் போட வேண்டாம். -18, -4: -4 வலப்பக்கம், ஆகவே அது பெரியது. -3, 2: 2 வலப்பக்கம். பூச்சியம், -2: பூச்சியம் வலப்பக்கம். "ஒண்ணுமே இல்லாத பூச்சியம் எப்படி ரெண்டைவிடப் பெரிசு?" என்று கேட்கிற பிள்ளை இன்னும் எண்ணிக்கையிலேயே நிற்கிறது. 0 டிகிரி என்பது 'வெப்பமே இல்லை' என்று பொருள்படாது. தண்ணீர் உறைகிற இடத்துக்கு வைத்த பெயர். அந்த இடத்தில் இருக்கும் பனிக்கட்டி, ஃப்ரீசரின் -18ல் இருக்கும் பனிக்கட்டியைவிடச் சூடானது. 'சூடான ஐஸ்' என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் விழுகிற எண்களும் உண்டு. பால் உறைவது 0ல் அல்ல. அதிலுள்ள உப்புகளாலும் சர்க்கரையாலும் பாதி டிகிரி தள்ளி, -0.5ஐ ஒட்டி. அது முழு அல்ல, -1க்கும் 0க்கும் இடையில் கிடக்கும் எண். ஆனால் அதற்கும் அதே விதிதான்: -1க்கு வலம், 0க்கு இடம். பாலில் தண்ணீர் கலந்தால் உறைகிற புள்ளி பூச்சியத்தை நோக்கி நகரும்; கலப்படத்தைப் பிடிக்கப் பால் சோதனைச் சாலைகளில் பார்ப்பது இதைத்தான். அந்தச் சோதனையே இரண்டு குறை எண்களில் எது பெரியது என்ற கேள்விதான்.

எண்கோட்டில் எண்கள் நகர்வதைக் கண்ணால் பார்க்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் நல்லது. காலையில் கரண்ட் போகிறது. ஃப்ரீசரில் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு, பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் ஐஸுக்குமாகக் கதவைத் திறந்து திறந்து மூடட்டும். எண் -18லிருந்து -15, பிறகு -11, -7 என்று போகும். இலக்கத்தை மட்டும் பார்த்தால் 18, 15, 11, 7 என்று குறைகிறது. உள்ளே நடப்பதோ சூடு ஏறுவது. கோலக்கோட்டில் புள்ளி கொல்லையிலிருந்து வாசலை நோக்கி நகர்கிறது. -18 < -15 < -11 < -7. மின்சாரம் வர இன்னும் தாமதமானால் 0க்கு வந்து, அங்கே வெகு நேரம் நின்றுவிடும். உள்ளே வருகிற சூடெல்லாம் கட்டியைக் கரைப்பதற்கே செலவாகிற நேரம் அது. கட்டி கரைந்து முடிகிற வரை எண் அசையாது. அதன் பிறகு 1, 2, 3. கோட்டில் எங்குமே திசை மாறவில்லை. இலக்கம் குறைந்து, பூச்சியத்தைத் தொட்டு, பிறகு கூடினாலும் பயணம் முழுக்க ஒரே பக்கமாகத்தான். (நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் உறைந்தபடி இருக்கும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புக் குறிப்புகளின் கணக்கு. மே மாதத்துத் தில்லைநகர் மாடி வீட்டை நினைத்து அவர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.)

எதிர்த் திசையில் நகர்த்துகிறவர் இரவில் மணியடித்துக்கொண்டு தெருவுக்கு வரும் குல்பிக்காரர். அவர் பானைக்குள் வெறும் ஐஸ் மட்டும் இருந்தால் குல்பி உறையாது. கரைகிற ஐஸ் 0ல் நிற்கும். இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த பால் உறைய அதற்குக் கீழே போகவேண்டும். அதனால் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு ஐஸைக் கரைக்கும். கரைவதற்கு வேண்டிய சூட்டை ஐஸ் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருக்கும் குல்பிக் குழலிடமிருந்துமே எடுத்துக்கொள்ளும். கலவை -5, -10 என்று இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உப்பும் ஐஸும் சரியான விகிதத்தில் அமைந்தால் -21 வரை இறங்கும். சாதாரண உப்பால் அதற்குக் கீழே போக முடியாது. வீட்டு ஃப்ரீசரின் -18ஐவிடச் சிறிய எண்ணை, பிளக்கே இல்லாமல், ஒரு பானைக்குள் உண்டாக்க முடிகிறது.

இந்த ஒப்பீட்டில் பணம் தொலைகிற இடமும் உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவில் -18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்கவும் என்ற வகையில் ஒரு வரி இருக்கும். பெட்டிக்கடைக்காரர் தன் ஃப்ரீசரை -15ல் வைத்துவிட்டு, பதினெட்டுக்குக் கீழ்தானே பதினைந்து என்று நிம்மதியாக இருந்தால், அவர் தப்பான பக்கம் நிற்கிறார். -18க்குக் கீழே என்றால் -19, -20, -21. -15 அதற்கு மேலே. அந்த மூன்று டிகிரியில் ஐஸ்கிரீம் உருகி ஓடாது. கொஞ்சம் இளகி மறுபடி இறுகி, இறுகுகிறபோதெல்லாம் உள்ளே இருக்கும் பனித்துகள் பெரிதாகும். நாக்கில் நறநறவென்று மணல் போல ஒன்று படுமே, அது இதுதான்.

இந்த -18 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எண்கோட்டைப் பற்றி வேறொன்று புரியும். அது யாரோ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் அல்ல. அமெரிக்காவில் உறைபதன உணவுக்கு வைத்த எல்லை, பாரன்ஹீட் கணக்கில் மொழுமொழுவென்று ஒரு பூச்சியம். அதைச் செல்சியஸுக்கு மாற்றினால் -17.8 வரும், முழுவாக்கினால் -18. பாரன்ஹீட் 1724ல் தன் அளவை எழுதி வெளியிட்டபோது ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிரைப் பூச்சியமாக வைத்தார். குல்பிப் பானையின் அண்ணன் தம்பி முறை. ஆக, நம் கோலக்கோட்டில் -18 என்று புள்ளி வைத்த அதே இடத்துக்கு அவருடைய கோட்டில் பெயர் பூச்சியம். நம் பூச்சியம் அவருக்கு 32. தயிர் வைக்கும் தட்டு 39. மே மாதத் திருச்சி 106. பூச்சியப் புள்ளியை எங்கே வைப்பது என்பது நம் இஷ்டம். யார் இடம், யார் வலம் என்ற வரிசையில் மட்டும் ஒரு தலைமுடி அளவு மாற்றமும் இல்லை.

ஆனால் திசையையே மாற்றினால்? அதையும் ஒருவர் செய்திருக்கிறார், வேறு யாருமல்ல, செல்சியஸ்தான். ஸ்வீடனின் உப்சாலாவில் 1742ல் அவர் முன்வைத்த அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. குளிர் கூடக் கூட எண் ஏறும், நம் பழைய ஃப்ரிட்ஜ் திருகைப் போலவே. ஸ்வீடன் குளிர்காலத்துக்கு அது எவ்வளவு வசதி என்று பாருங்கள். தெருவில் எவ்வளவு பனி கொட்டினாலும் மைனஸ் போட வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் நம் ஐஸ்கிரீம் 118ல் இருக்கும், கொதிக்கிற ரசம் பூச்சியத்தில். காய்ந்த எண்ணெய்தான் மைனஸ் எண்பது! 1744ல் அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே அளவைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள், அதுதான் இன்றைக்கு நம்மிடம் இருப்பது. வலப்பக்கம் பெரியது என்பது இயற்கை எழுதிவைத்த சட்டமல்ல. எல்லோருமாகச் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டை ஒரு தடவை ஒப்புக்கொண்டால் பிறகு இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

குறை எண்ணோடு கணக்குப் போடுவது நம் நாட்டில் பழைய சங்கதி. பிரம்மகுப்தர் 628ல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் சொத்து, கடன், பூச்சியம் மூன்றையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் இருக்கின்றன. அவற்றைக் கோட்டின் மேல் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் வர இன்னும் ஆயிரம் ஆண்டுகள் ஆயின. ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ், 1685ல் வெளிவந்த தன் இயற்கணித நூலில் ஓர் ஆளை நடக்கவிட்டார்: ஐந்து கஜம் முன்னே போய், எட்டு கஜம் பின்னே வந்தால் அவன் புறப்பட்ட இடத்துக்கு மூன்று கஜம் பின்னால், அதாவது -3ல் நிற்கிறான். இதே வாலிஸ் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இன்னொரு நூலில், குறை எண்ணால் வகுத்தால் முடிவிலியைவிடப் பெரிய விடை வரும் என்று வாதாடியவர். அவ்வளவு பெரிய மூளையே வழுக்கிய இடத்தில் பதினொரு வயதுப் பிள்ளை வழுக்கினால் காதைத் திருக வேண்டியதில்லை.

வாலிஸின் ஆளை நாம் ஸ்ரீரங்கத்தில் நடக்கவிடலாம். அரங்கன் கோயிலைப்போல வசதியான எண்கோடு வேறு எங்கும் கிடைக்காது. நடுவில் மூலவர், அவரைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். மூலவர் இருக்கும் இடத்தைப் பூச்சியமாகவும், காவிரியிலிருந்து கொள்ளிடத்தை நோக்கிப் போகிற வடக்குத் திசையை ஏறுமுகமாகவும் வைத்துக்கொள்வோம். தெற்கே ராஜகோபுரம் ஏழாவது மதிலில்: -7. அதைத் தாண்டி, குடியிருப்பு வீதிகளையும் கடைகளையும் கடந்து நடந்தால் -6, -5. ரங்கா ரங்கா கோபுரம் -4. அங்கிருந்து -3, -2, -1. தாண்டுகிற மதிலின் வரிசை எண் ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. நாம் நிற்கும் எண்ணோ -7லிருந்து ஏறிக்கொண்டே போகிறது. 13 நிலைகளோடு 1987ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம், இந்தக் கணக்கில் இருப்பதிலேயே சிறிய எண்ணில்தான் நிற்கிறது.

வடபுறம் அதே நாலாவது மதிலுக்கு எண் 4. மூலவரிடமிருந்து தெற்கே -4ம் வடக்கே 4ம் மதில் கணக்கில் ஒரே அளவு தள்ளி. இப்படிப்பட்ட ஜோடியைப் பாடநூல் எதிரெண் என்கிறது. பூச்சியத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே விடை. எது பெரியது என்று கேட்டால் 4. 'தள்ளி' என்பதையும் 'பெரியது' என்பதையும் ஒன்றாக நினைப்பதால்தான் -18 ஜெயித்துவிடுகிறது. பூச்சியத்துக்கு வலப்பக்கம் இரண்டும் ஒன்றாகவே போகும்: தள்ளித் தள்ளிப் போகப் பெரியது. இடப்பக்கம் வந்ததும் அவை பிரிந்துவிடும். தள்ளிப் போகப் போகச் சிறியது. பரீட்சைக்குச் சொல்லித்தருகிற அந்தத் திருப்பிப் போடும் விதி இங்கிருந்து வந்ததுதான்.

தள்ளி இருப்பதை அளக்கவும் இதே கோடு உதவும். மே மாதத்து 41லிருந்து ஃப்ரீசரின் -18 எவ்வளவு தூரம்? 41லிருந்து பூச்சியத்துக்கு 41 படி, அங்கிருந்து இன்னும் 18 படி, மொத்தம் 59. மார்கழி விடியலின் 20லிருந்து என்றால் 38தான். சுவர் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே கசிகிற சூடு இந்தத் தூரத்துக்கு ஏற்றபடி கூடும். ஆகையால் கோடையில் கம்ப்ரஸர் வெளியே தள்ளவேண்டிய சூடு, கசிவை மட்டும் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. -18ஐ -24க்கு இறக்கி வைத்தால் மே மாதத்துத் தூரம் 65 படி ஆகிவிடும். ஐஸ்கிரீமுக்கு -18 போதும். அதற்கும் கீழே இறக்குகிற ஒவ்வொரு படியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில், மைனஸ் போடாத எண்ணாக வந்து சேரும்.